யார் கதவைத் தட்டுவது: நகர மன்றமா, வீவகவா, எம்பியா?

சிங்கப்பூர், ஈசூன் வாசகர் கேட்டது
14 செப்டம்பர் 2025, காலை 9.12

"எங்க புளோக்குல லிஃப்ட் அடிக்கடி நின்னுபோகுது. மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணி எங்க சீலிங் வழியா இறங்குது. பக்கத்து வீட்டுக்காரர் நடைபாதையை அடைச்சு சைக்கிள் வச்சிருக்கார். மூணையும் எழுதி நகர மன்றத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். 'கவனத்தில் கொண்டுள்ளோம்'னு பதில் வந்துச்சு, ஆள் யாரும் வரல. இந்த ஊர்ல எம்பியை நேர்ல போய்ப் பார்த்தாதான் காரியம் நடக்கும், மத்ததெல்லாம் வேஸ்ட். மாத்துக்கருத்து இருந்தா சொல்லுங்க."

14 செப்டம்பர், இரவு 10.05

பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஒரு நகர மன்றத்தில் சில ஆண்டுகள் நியமன உறுப்பினராக இருந்தேன். அதற்கு முன்பு எம்பியின் வாராந்தர மக்கள் சந்திப்பில், வருகிறவர்களுக்குக் கடிதம் எழுதும் மேசை. எந்த வட்டாரம், எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை.

நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று இடத்துச் சங்கதி. லிஃப்ட், குடியிருப்புப் பேட்டையின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் பொறுப்பு. சீலிங் கசிவு உங்கள் வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் நடுவில் இருப்பது, அதில் தலையிடக்கூடியது வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். சைக்கிள் நிற்கும் வீட்டு வாசல் நடைபாதையைப் பார்த்துக்கொள்வது நகர மன்றம், ஆனால் அங்கே எவ்வளவு வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதி. மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் போட்டால் என்ன ஆகும் என்பதை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். முதல் வரியில் லிஃப்ட் என்று இருக்கும், அது லிஃப்டைக் கவனிக்கும் அதிகாரிக்குப் போகும். அவர் குத்தகை நிறுவனத்து ஆளை அனுப்புவார். வேலை முடிந்ததும் புகாரை மூடுவார். கீழே இருக்கும் இரண்டு பத்தியும் அவர் வேலையே இல்லை. ஒரு புகாருக்கு ஓர் எண், ஓர் அதிகாரி, அப்படித்தான் அந்த ஏற்பாடு.

மூன்றாகப் பிரித்து எழுதுங்கள், மூன்று இடத்துக்கு. எம்பி விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

14 செப்டம்பர், இரவு 10.31

லிஃப்டுக்கு மின்னஞ்சலே வேண்டாம். லிஃப்டுக்குள் 24 மணி நேர எண் ஒட்டியிருக்கும், அதைக் கூப்பிடுங்கள். எந்த புளோக், எந்த லிஃப்ட், எந்த மாடியில் நின்றது, மணி என்ன. நான்கும் சொல்லுங்கள். ஒவ்வோர் அழைப்பும் பதிவாகிறது. கூட்டத்தில் லிஃப்ட் நிறுவனத்தாரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும்போது எங்கள் கையில் இருந்தது அந்தப் பதிவு மட்டும்தான். "அடிக்கடி நிற்கிறது" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு எந்தக் குத்தகைக்காரரையும் மடக்க முடியாது. அதோடு, தேசிய வளர்ச்சி அமைச்சு ஒவ்வொரு நகர மன்றத்துக்கும் போடும் மதிப்பீட்டில் லிஃப்ட் பராமரிப்புக்குத் தனிக் கட்டம் உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறி போட்டு வெளியிடுவார்கள். மஞ்சள் வாங்க எந்த மன்றமும் விரும்பாது.

16 செப்டம்பர், இரவு 8.50

கசிவைப் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள், மூவருமே "மேல்வீட்டுக்காரன்தானே முழுச் செலவும் கட்டணும்?" என்று. இல்லை. உங்கள் சீலிங்கும் அவர் தரையும் ஒரே கான்கிரீட் தளம். குளியலறைத் தரைக்கு அடியில் போட்ட நீர்க்காப்புப் பூச்சு காலப்போக்கில் தேய்ந்துபோகிறது, அதில் குற்றவாளி என்று யாரும் இல்லை. அதனால்தான் வீவக இரு வீட்டாரையும் சேர்ந்து பழுதுபார்க்கச் சொல்கிறது. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி செலவில் 50% வீவக ஏற்கும், மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்கு 25%.

எங்கள் வீட்டுக் கதை. தோ பாயோவில் பழைய மூவறை வீடு, ஒரே குளியலறை. மேலே ஒரு சீனத் தாத்தாவும் பாட்டியும். நான் போய்ச் சொன்னபோது தாத்தா என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தரையைக் காட்டினார். உண்மையிலேயே காய்ந்து கிடந்தது. தரை ஓட்டுக்கு அடியில்தானே ஊறுகிறது, மேலே எப்படித் தெரியும்? எனக்கு ஹொக்கியென் வராது, அவருக்கு ஆங்கிலம் வராது, இரண்டு பேருக்கும் தெரிந்த பாசார் மலாயில் நீர்க்காப்புப் பூச்சுக்கு வார்த்தை இல்லை. வீவக அதிகாரி வந்து தண்ணீரைத் தேக்கிவைத்துச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அவர் நம்பினார். வேலை நடந்த நாள்களில் அவர்கள் இருவரும் எங்கள் வீட்டில் வந்து குளித்துவிட்டுப் போனார்கள். பாட்டி துண்டும் வாளியும் எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கி வருவதைப் பார்த்து புளோக்கே விசாரித்தது.

மேல்வீட்டார் கதவையே திறக்காவிட்டால்? 2015இல் சட்டத்தைத் திருத்தினார்கள், அவசரப் பழுதுக்கு வீவக அதிகாரிகள் உள்ளே நுழைய அதிகாரம் இருக்கிறது. அது கடைசி ஆயுதம். அந்த வார்த்தையை முதல் நாளே மேல்வீட்டாரிடம் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். காரியம் இழுத்துக்கொண்டே போனதுதான் மிச்சம்.

16 செப்டம்பர், இரவு 9.20

மேலே உள்ளதோடு ஒன்று. புளோக் பழையது என்றால் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் வரப்போகிறதா என்று விசாரியுங்கள். தகுதியுள்ள குடும்பங்களில் 75% ஆதரவு ஓட்டு விழுந்தால்தான் நடக்கும். வந்தால் கழிவறைப் புதுப்பிப்பையும் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அது வரும்வரை சீலிங் சொட்டட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஊறி ஊறி உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் காரை பெயர்ந்து தலையில் விழும்.

17 செப்டம்பர், மதியம் 1.15

"இதெல்லாம் யார் இடம்னு சாதாரண ஆளுக்கு எப்படித் தெரியும்?" என்று செங்காங் தங்கச்சி கேட்கிறார். நியாயமான கோபம். பிரதமருக்கே தலை சுற்றிய விஷயம் அது. 2014 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் ஒரு மீன் உருண்டைக் குச்சிக் கதை சொன்னார், நினைவிருக்கிறதா? புக்கிட் கோம்பாக்கில் ஒரு நடைவழி, அங்கே குப்பை. இடப்பக்கச் சரிவு சிங்கப்பூர் நில ஆணையத்துடையது. நடுவே போகும் பூங்கா இணைப்புப் பாதை தேசியப் பூங்காக் கழகத்துடையது. சாலையோரம் இருக்கும் நடைபாதை நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. குச்சி எங்கே விழுந்ததோ அதைப் பொறுத்துக் கூட்டுகிற ஆள் மாறுவார். அந்த உரையில்தான் நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைக்கப்போவதாக அறிவித்தார். 2015 ஜனவரியில் அதன் புகார்ச் செயலியான ஒன்சர்விஸ் வந்தது.

ஆக, யாருடையது என்று தெரியாவிட்டால் ஒன்சர்விஸில் படத்தோடு போடுங்கள், அவர்கள் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். தெரிந்தால் நேராகப் போங்கள். இது என் கருத்து. செயலிதான் எல்லாவற்றுக்கும் நல்லது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

18 செப்டம்பர், இரவு 11.02

சரி, எம்பி.

மக்கள் சந்திப்பு டேவிட் மார்ஷல் முதலமைச்சராக இருந்த 1955இல் தொடங்கிய வழக்கம். இன்றைக்கும் கட்சி பேதமில்லாமல் எல்லா எம்பிகளும் நடத்துகிறார்கள். வாரத்தில் ஓர் இரவு, பெரும்பாலும் ஏதாவது ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில். போனதும் எண் தருவார்கள். பிறகு ஒரு தொண்டூழியர் உங்களை உட்காரவைத்துக் கதையைக் கேட்டுக் கடிதம் எழுதுவார். அதுதான் என் மேசை. பிறகு எம்பி உங்களோடு பேசி, கடிதத்தைத் திருத்திக் கையெழுத்துப் போடுவார்.

அந்த மேசையில் நான் பார்த்தது: பிளாஸ்டிக் பை நிறையக் காகிதத்தோடு வருவார்கள். பல ஆண்டு மின்கட்டணச் சீட்டு, மருத்துவச் சீட்டு, மகன் பள்ளிச் சான்றிதழ், எல்லாம் இருக்கும். எந்தக் கடிதத்துக்கு எதிராக மேல்முறையீடு செய்ய வேண்டுமோ அந்த ஒரு கடிதம் மட்டும் இருக்காது. தமிழ் ஆள் என்று தெரிந்ததும் நம் அம்மாக்கள் வரிசை மாறி என்னிடம் வந்துவிடுவார்கள். கதை ஊரில் இருக்கும் நிலத்தகராறில் தொடங்கும். கடைசியில்தான் "தம்பி, அந்த வாடகை வீட்டு விஷயம்" என்று வரும்.

லிஃப்ட், விளக்கு, பெயின்ட், குப்பைக் குழாய் அடைப்பு, இதற்கெல்லாம் எம்பியிடம் போவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். நகர மன்றத்தில் உட்கார்ந்திருப்பதே அவர்தான். தேர்ந்தெடுத்த எம்பிகள் எல்லாரும் அந்த மன்றத்து உறுப்பினர்கள், தலைவரும் அவர்களில் ஒருவர். 1986இல் அங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கி 1988இல் சட்டம் போட்டு வீவகவிடமிருந்து பேட்டைப் பராமரிப்பை எம்பிகள் கையில் கொடுத்ததே அதற்காகத்தான். வேலை சரியில்லையென்றால் அடுத்த தேர்தலில் நீங்கள் கேட்கலாம். அப்படியிருக்க, அவர் எழுதும் கடிதம் அவருடைய அலுவலகத்துக்கே போய்ச் சேருகிறது. ஓர் இரவும் ஒரு காகிதமும் வீண்.

19 செப்டம்பர், காலை 7.30

ஈசூன் அண்ணன் பதில் போட்டிருக்கிறார்: "வீண் இல்ல, எம்பி சொன்னா அதிகாரி பயந்து ஓடிவருவான்." பயம் ஒரு வாரம் இருக்கும் அண்ணே. லிஃப்டுக்குள் இருக்கும் தேய்ந்த பாகத்துக்குப் பயம் கிடையாது.

20 செப்டம்பர், இரவு 9.40

தனிச்செய்தியில் ஒரு கேள்வி: நாளை மகாளய அமாவாசை, புளோக்குக்குக் கீழே புல்தரையில் காக்கைக்குச் சோறு வைத்தால் அபராதமா? பொதுவிலேயே சொல்கிறேன், கேட்கத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

குற்றம்தான். காட்டுயிர்ச் சட்டம் 2020இல் கடுமையாக்கப்பட்டது. புறா, காக்கை எதற்கும் தீனி போடக்கூடாது. மதக் காரணம் சொன்னால் விடுவார்களா என்று கேட்காதீர்கள், அதை நம்பி இலையை விரிக்காதீர்கள். கீழே சோறு கிடந்தால் காக்கை தின்றது போக மிச்சம் எலிக்கு. மறுநாள் காலையில் கூட்டுகிறவர் வங்காளதேசத்துத் தம்பி. நம் பித்ருக் கடனை அவர் ஏன் அள்ள வேண்டும்?

காக்கையின் கதை தெரியுமா? அது இந்த ஊர்ப் பறவையே இல்லை. காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். நம் தாத்தாக்களைப் போலத் தோட்ட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டது. அந்தப் பாசத்தில்தான் போல, என் அம்மா கடைசிவரை விதியை மதிக்கவில்லை. சமையலறை ஜன்னல் விளிம்பில் வைப்பார். அதையும் செய்யாதீர்கள், கிண்ணம் கீழே விழுந்தால் அது வேறு பெரிய வழக்கு. எங்கள் வீட்டில் இப்போது படையலைச் சாமி மேடையிலேயே வைத்துவிட்டு நாங்களே சாப்பிடுகிறோம். முன்னோர் யாரும் இதுவரை மேல்முறையீடு செய்யவில்லை.

22 செப்டம்பர், இரவு 10.15

சுவா சூ காங் வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு 18ஆம் தேதி எழுதியதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அவர் புதிய வீடு வாங்கிவிட்டார், பழைய வீட்டைக் கெடுவுக்குள் விற்க வேண்டும். இன ஒருங்கிணைப்புக் கொள்கை குறுக்கே நின்றது. 1989இல் வந்த விதி. ஒவ்வொரு புளோக்கிலும் பேட்டையிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்ச வரம்பு. இந்தியர், மற்றவர்களுக்கு 2010 முதல் பேட்டை அளவில் 12%, புளோக் அளவில் 15%. நம்மவர்கள் பெரும்பாலும் வாங்கும்போதுதான் இது தடை என்று நினைக்கிறார்கள். விற்கும்போதுதான் அடி. புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால் நீங்கள் சீனருக்கு விற்க முடியாது. நம் ஆள்களோ, வரம்பு நிரம்பாத மற்ற இனத்தவரோதான் வாங்கலாம். கேட்டு வருகிறவர் குறைவு, விலை இறங்கும். வீட்டு முகவர் "கொஞ்சம் குறைச்சுக்கலாம் சார்" என்று ஆரம்பித்துவிடுவார். சுவா சூ காங் வாசகர் வீவகவுக்குத் தானே எழுதிப் பார்த்தார், நகரவில்லை. எம்பியின் கடிதத்தோடு மறுபடி போனார், விற்கக் கூடுதல் கால அவகாசம் கிடைத்தது.

இந்த மாதிரிக் கடிதங்கள் என் மேசையிலும் நிறைய எழுதப்பட்டிருக்கின்றன. யோசித்துப் பார்த்தால் வேறுபாடு இதுதான். அதிகாரிக்கு விட்டுக்கொடுக்க இடமிருக்கும் விஷயத்தில் கடிதம் வேலை செய்யும். அவகாசம் நீட்டிப்பு, அபராதக் குறைப்பு, தவணை, வாடகை வீட்டு மனு, நீண்டகால வருகை அட்டை மறுபரிசீலனை, இதெல்லாம் அப்படிப்பட்டவை. எம்பி தன் பெயரில் எழுதினால் உங்கள் கதை முழுசாக, ஒழுங்கான ஆங்கிலத்தில், முடிவெடுக்கும் மேசைக்குப் போகும். முதல்முறை எழுதியபோது நீங்கள் விட்டுவிட்ட விவரம், அப்பாவின் நோய், நின்றுபோன வேலை, அதில் இருக்கும். இடமே இல்லாத விதியை எம்பி வளைக்க முடியாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்குக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் எழுதமாட்டார்கள், கேட்கவும் கூடாது.

2022 மார்ச்சில் இன்னொரு வழியும் வந்தது. இந்தக் கொள்கையால் நெடுநாள் விற்க முடியாமல் தவிக்கும் உரிமையாளரிடமிருந்து வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ளும். நிபந்தனைகள் உண்டு, குறைந்தது பத்தாண்டு சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது போல. கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

22 செப்டம்பர், இரவு 10.24

முகவர்கள் யாரும் எனக்குத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம்.

27 செப்டம்பர், மாலை 6.10

சத்தம். எதிர்பார்த்தேன், இன்னும் வரவில்லையே என்று. உட்லண்ட்ஸ் அக்கா: மேலே கோலிக்குண்டு உருட்டும் சத்தம், நடுராத்திரியில் நாற்காலி இழுக்கும் சத்தம். நகர மன்றத்தால் ஏன் ஒன்றும் செய்ய முடியவில்லை?

வீட்டுக்குள் நடப்பது மன்றத்தின் கையில் இல்லை, அதனால். பராமரிப்புக் கட்டணம் வாங்குவது பொது இடத்துக்கு. இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி காக்கலாம் என்று 2022இல் ஓர் ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது, அதுவும் பரிந்துரைதான். புதுப்பிப்பு வேலையில்தான் உறுதியான நேரம் இருக்கிறது. சுவர் உடைப்பது, ஓடு பெயர்ப்பது போன்ற இரைச்சல் வேலை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை. சனிக்கிழமை ஒருவன் சுவரில் சுத்தியல் போட்டால் வீவகவுக்குச் சொல்லுங்கள், அதற்கு உடனே ஆள் வரும்.

மற்றபடி முதலில் நீங்களே போய்ப் பேசுங்கள். முடியாவிட்டால் சமூக சமரச நிலையம், 1998 முதல் இருக்கிறது. அதற்கும் மேலே 2015இல் வந்த பூசல் தீர்வு நடுவர் மன்றம். 2025 ஏப்ரலில் தெம்பனிஸில் அண்டைவீட்டு இரைச்சலை விசாரிக்கத் தனிப் பிரிவு ஒன்றை முன்னோட்டமாகத் தொடங்கியிருக்கிறார்கள், அதன் அதிகாரிகளுக்கு விசாரிக்க அதிகாரம் உண்டு. தெம்பனிஸ்காரர்கள் யாராவது பயன்படுத்தினீர்களா? எழுதுங்கள், எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

27 செப்டம்பர், இரவு 8.45

"சமரச நிலையமா, கறி விவகாரம் மறந்துபோச்சா?" என்று ஒருவர் சுள்ளென்று கேட்டிருக்கிறார். மறக்கவில்லை. 2011 ஆகஸ்ட். சீனாவிலிருந்து குடிவந்த குடும்பத்துக்குப் பக்கத்து இந்தியக் குடும்பம் சமைக்கும் கறிக் குழம்பு வாசனை பிடிக்கவில்லை, சமரசத்தில் அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்டது என்று செய்தி வந்தது. ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21ஆம் தேதி சீனர், மலாய்க்காரர் எல்லாரும் சேர்ந்து வீட்டுக்கு வீடு கறி சமைத்தார்கள். அது பல ஆண்டுக்கு முந்திய வழக்கு, நடுவர் எதையும் திணிக்கவில்லை, இரு வீட்டாரும் பேசி வந்த முடிவு என்று சட்ட அமைச்சு பிறகு விளக்கியது. சீனக் குடும்பமும் கறியைச் சுவைத்துப் பார்க்கிறோம் என்று ஒத்துக்கொண்ட பகுதியை யாரும் பேசவில்லை.

எனக்கு அன்றைக்கும் கோபம் வந்தது. இன்றைக்கும் அந்த உடன்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சமரசம் என்றால் இதுதான்: வெளியே நிற்பவனுக்குப் பிடிக்காத முடிவை உள்ளே இருக்கும் இருவர் ஏற்றுக்கொள்வது. உங்களுக்கு நீதி வேண்டுமென்றால் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். தூக்கம் வேண்டுமென்றால் சமரச நிலையத்துக்குப் போங்கள்.

3 அக்டோபர், இரவு 9.00

ஈசூன் அண்ணன் தகவல்: லிஃப்டில் கதவுப் பகுதியை மாற்றிவிட்டார்கள். வீவக அதிகாரி கசிவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சைக்கிள் அப்படியே இருக்கிறது. அண்ணே, அளவுகோல் எடுத்துப் போய் அளந்து பாருங்கள். நடைபாதையில் 1.2 மீட்டர் தடையில்லாமல் இருந்தால் அவர் விதிக்குள்தான் இருக்கிறார், நீங்கள் பொறுத்துப் போக வேண்டியதுதான். குறைந்தால் படம் எடுத்து நகர மன்றத்துக்கு அனுப்புங்கள். "நடைபாதையை அடைச்சு" என்று எழுதாதீர்கள், எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதுங்கள்.

5 அக்டோபர், மாலை 5.30

நகர மன்றத்துக்குக் கட்டும் கட்டணம் எங்கே போகிறது என்ற கேள்விக்குச் சுருக்கமாக. மாதாமாதம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் துப்புரவுக்கும் மின்சாரத்துக்கும் மட்டும் போவதில்லை. ஒரு பகுதி கட்டாயமாக நீண்டகால நிதிக்குப் போகிறது. கூரை, பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றம் எல்லாம் அதிலிருந்துதான். 2017இல் லிஃப்ட் மாற்றத்துக்கென்றே தனி நிதி வைக்கச் சொன்னார்கள். நகர மன்றக் கணக்கு ஆண்டுதோறும் வெளியாகிறது, இணையத்தில் இருக்கிறது. நான் இருந்த காலத்தில் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டவர் என்று ஒரே ஓர் ஓய்வுபெற்ற கணக்காளரைத்தான் நினைவிருக்கிறது. அவர் வந்தாலே எங்கள் நிதி அதிகாரி தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

ஆனால் புளோக்குக்கு என்ன நிறம் என்று ஓட்டெடுப்பு வைத்துப் பாருங்கள். கூட்டம் அலைமோதும். வீட்டுக்கு வீடு பிரச்சாரம். எங்கள் புளோக்கில் நான் ஆதரித்த நிறம் தோற்றது. ஜெயித்ததை இன்னும் பல ஆண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தள்ளுபடி பற்றி: தகுதியுள்ள வீடுகளுக்கு ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரியில் கணக்கிலேயே கழித்துவிடுவார்கள், விண்ணப்பம் போட வேண்டியதில்லை. "தள்ளுபடி வாங்கித் தருகிறேன்" என்று குறுஞ்செய்தி வந்தால் மோசடி.

8 அக்டோபர், இரவு 10.50

ஹவ்காங்கிலிருந்து கேட்டது: "எங்க எம்பி ஒருத்தர், சமூக மன்றத்துல ஆலோசகர்னு வேற ஒருத்தர். யார்கிட்ட போறது?" எதிர்க்கட்சித் தொகுதிகளில், சமூக மன்றங்களை நடத்தும் மக்கள் கழகத்தின் அடித்தள ஆலோசகர் எம்பியாக இருக்கமாட்டார், வேறொருவர் நியமிக்கப்படுவார். லிஃப்ட், துப்புரவு, நடைபாதை என்றால் எம்பி நடத்தும் நகர மன்றம். சமூக மன்ற நிகழ்ச்சி என்றால் ஆலோசகர் பக்கம். இந்த ஏற்பாடு சரியா என்று இங்கே விவாதம் ஆரம்பித்தால் தீபாவளி வந்துவிடும். எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, அது என்னோடு இருக்கட்டும்.

12 அக்டோபர், காலை 11.20

தீபாவளி அடுத்த திங்கள் 20ஆம் தேதி. கேள்விகள் குவிந்துவிட்டன, ஒரே மூச்சில் சொல்கிறேன். வாசலில் கோலம் போடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் மழை நாளில் நடைபாதையில் எண்ணெயும் மாவும் சேர்ந்தால் வழுக்கும். மூத்தவர்கள் நடக்கும் பக்கம் விட்டுப் போடுங்கள். அகல் விளக்கைச் செருப்பு அலமாரி மேல் வைக்காதீர்கள். தோரணம் கட்டும்போது பொது விளக்கையும் தீயணைப்புக் குழாய்ப் பெட்டியையும் மறைக்காதீர்கள். துளசித் தொட்டியைக் கைப்பிடிச் சுவர் மேல் ஏற்றி வைப்பது பண்டிகைக்குக்கூட வேண்டாம். ஏழாவது மாடியிலிருந்து தொட்டி விழுந்தால் கேட்கப்போவது போலிஸ், வீட்டையே இழக்கவும் நேரலாம். பட்டாசு 1972 முதல் தடை, கம்பி மத்தாப்பு மட்டும்தான். எரிந்த கம்பியைப் புல்லில் செருகிவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு தீபாவளிக்கு மறுநாளும் துப்புரவு மேற்பார்வையாளர் அந்தக் கம்பிகளைத்தான் எனக்குப் படமெடுத்து அனுப்புவார். கீழ்த்தளத்தில் விருந்து வைப்பவர்கள் நகர மன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும், இடம் இன்னேரம் போயிருக்கும், உடனே கேளுங்கள்.

12 அக்டோபர், மதியம் 12.05

மார்சிலிங் வாசகரின் பூனைக் கேள்வியை விட்டுவிட்டேன். வீவக வீட்டில் பூனை வளர்ப்பதற்கு இருந்த தடை 1 செப்டம்பர் 2024 அன்று நீங்கியது. ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை. மைக்ரோசிப் போட வேண்டும், உரிமம் எடுக்க வேண்டும். 31 ஆகஸ்ட் 2026க்குள் எடுத்தால் கட்டணம் இல்லை. ஏற்கெனவே இரண்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் அந்தத் தேதிக்குள் எல்லாவற்றுக்கும் உரிமம் எடுத்துவிட்டால் வைத்துக்கொள்ளலாம். நகர மன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குப் பிரிவு. ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பூனை உங்கள் வாசலில் வந்து அசிங்கம் செய்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு முதலில் பக்கத்து வீட்டு மணியை அடியுங்கள்.